தடைப் பட்டியல் சோதனை மென்பொருளில் காரணக் குறியீடுகளை எப்படி வகுப்பது?

திருமலைக் கடலுணவு:
வணக்கம். திருகோணமலையில் சிறிய கடலுணவு ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆவண வேலை பார்க்கிறேன். கொள்வனவாளர், கப்பல், வங்கி ஆகியவற்றின் பெயர்களை ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைப் பட்டியலோடும் (தடை விதிக்கப்பட்ட ஆட்கள், நிறுவனங்கள், கப்பல்களின் பட்டியல்), அமெரிக்கப் பட்டியலோடும், வர்த்தமானியில் வெளியாகும் நம் நாட்டுப் பட்டியலோடும் ஒப்பிடும் மென்பொருள் எங்களிடம் உண்டு. பெயர் ஒத்துப்போனதால் நிறுத்தப்படும் அனைத்தையும் ‘பொருந்தவில்லை’ என்ற ஒரே குறியீட்டில் விடுவித்துவந்தோம். எதனால் பொருந்தவில்லை என்று கணக்காய்வாளர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. எத்தனை குறியீடுகள் வைக்கலாம்?

சீனக்குடாவான்:
எண்ணிக்கை பிறகு. ‘விடுவிக்கப்பட்டது’, ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்பவை முடிவுகள். அவற்றைக் காரணங்களோடு கலக்கக் கூடாது. பிறந்த திகதி வேறு, பட்டியலில் இருப்பவர் தனிநபர் ஆனால் நம் தரப்பு நிறுவனம் என்று, எந்த விபரம் வேறுபட்டது என்பதையே காரணக் குறியீடு சொல்ல வேண்டும். ‘பெயரின் எழுத்து வேறு’ என்று மட்டும் ஒன்றை வைத்துவிடாதீர்கள். தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்குவதும், ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவதும் நம்மிடையே வழமைதானே. கப்பலுக்குத் தனிக் குறியீடு வேண்டும்: பெயரும் கொடியும் மாறினாலும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் (சர்வதேச கடல்சார் அமைப்பின் கப்பல் அடையாள எண்) மாறாது என்பதால், அதை ஒப்பிட்ட பின்னரே விடுவிக்க வேண்டும்.

உவர்மலை வாசி:
‘அடையாள அட்டை இலக்கம் வேறு’ என்ற குறியீட்டில் எங்கள் அலுவலகம் ஒருமுறை சறுக்கியது. 2016 முதல் 12 இலக்க அட்டைகள் வழங்கப்படுவதால், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஆளுடையவையாக இருக்கலாம். பழையதில் முதல் இரண்டு இலக்கங்களும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 சேரும். இந்தப் பகுதி முரண்பட்டால் மட்டுமே அக்குறியீட்டை இடுமாறு இப்போது விதித்திருக்கிறோம்.

திருமலைக் கடலுணவு:
மிக்க நன்றி ஐயா. அட்டை விடயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. பழைய ‘பொருந்தவில்லை’ குறியீட்டை அழித்துவிடலாமா?

சீனக்குடாவான்:
வேண்டாம். இனி யாரும் தெரிவுசெய்ய முடியாதபடி முடக்கினால் போதும்; அழித்தால் பழைய பதிவுகள் காரணமின்றி நிற்கும். அமெரிக்கத் தடைகள் தொடர்பான பதிவுகளைப் பேணும் காலம் 2025 மார்ச்சில் 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்ந்திருப்பதால், டொலரில் பணம் பெறுபவர்கள் பழைய குறியீடுகளின் விளக்கத்தையும் அதுவரை வைத்திருப்பது நல்லது.