‘கமிட்டி ஹேஸ்’ சரி என்றால் ‘போலீஸ் ஹேஸ்’ ஏன் தப்பு?

கேள்வி

அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. பேச்சில் எப்படியோ சமாளித்துவிடுவேன், எழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். இந்த மாதம் எழுதியதில் மூன்று வாக்கியங்கள்:

‘தி கமிட்டி ஹேவ் சப்மிட்டட் இட்ஸ் ரிப்போர்ட்.’
‘தி ஸ்டாஃப் ஆர் வொர்க்கிங் ஃப்ரம் ஹோம்.’
‘தி போலீஸ் ஹேஸ் கிவன் பெர்மிஷன்.’

மேலாளர் முதல் வாக்கியத்தில் ‘ஹேவ்’ என்பதை அடித்து ‘ஹேஸ்’ போட்டார். மூன்றாவதில் ‘ஹேஸ்’ என்பதை அடித்து ‘ஹேவ்’ போட்டார். நடு வாக்கியத்தைத் தொடவில்லை. ஆனால் கணினியில் இலக்கணம் பார்க்கும் மென்பொருள் அந்த நடு வாக்கியத்துக்குத்தான் கோடு போடுகிறது, ‘இஸ்’ வேண்டுமாம்.

மூன்றுமே கூட்டப்பெயர்தானே? எதன் கடைசியிலும் ‘எஸ்’ இல்லை. கமிட்டியில் ஏழு பேர் இருக்கிறார்கள். ஏழு பேருக்கு ஒருமை, போலீஸுக்குப் பன்மை என்பது என்ன கணக்கு? கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார்.

பதில் 1

ரொம்ப யோசிக்காதீர்கள். கூட்டப்பெயர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒருமை. போலீஸ் மட்டும் விதிவிலக்கு. இருபது வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லை.

பதில் 2

மேலே சொன்னது பாதுகாப்பான வழிதான். ஆனால் கேட்டவருக்கு ஏன் என்று தெரிய வேண்டும் போலிருக்கிறது. மூன்று வாக்கியத்துக்கும் காரணம் வேறு வேறு, அதனால்தான் ஒரே விதிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

முதலில் போலீஸ். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எப்போதும் பன்மை வினைதான். ‘பீப்பிள்’ (மக்கள்), ‘கேட்டில்’ (மாடுகள்) இரண்டும் அதே வகை. உருவத்தில் ஒருமை மாதிரி தெரியும், நடத்தையில் பன்மை. நமக்கு இது புதிதே இல்லை. ‘காவல்துறை கைது செய்தது’ என்கிறோம், ‘போலீசார் கைது செய்தனர்’ என்கிறோம். ஆங்கிலத்துப் போலீஸை ‘போலீசார்’ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஹேவ் தானாக வரும். ஒருமையில் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘தி போலீஸ் டிபார்ட்மென்ட் ஹேஸ்’ என்று எழுதலாம்.

அடுத்து கமிட்டி. உங்கள் வாக்கியத்தில் உண்மையான பிழை ‘ஹேவ்’ இல்லை. ‘ஹேவ்’ போட்டுவிட்டு ஒரே சொல் தள்ளி ‘இட்ஸ்’ போட்டீர்களே, அதுதான். வினையில் பன்மை, பிரதிப்பெயரில் ஒருமை. ‘ஹேஸ்... இட்ஸ்’ சரி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹேவ்... தேர்’ என்பதும் சரி. இரண்டையும் கலந்தால் எங்கும் சரியில்லை.

கமிட்டி, டீம், ஃபேமிலி, ஜூரி, ஆடியன்ஸ் போன்ற சொற்கள் இரண்டு பக்கமும் சாயும். குழு ஒரே ஆளாக நின்று ஒன்றைச் செய்தால் ஒருமை. உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனால் பன்மை. ஏழு பேரும் சேர்ந்து கொடுத்தது ஒரே அறிக்கை என்பதால் ‘ஹேஸ்’ பொருத்தம். அதே ஏழு பேர் அடித்துக்கொண்டிருந்தால் ‘தி கமிட்டி ஆர் டிவைடெட் இன் தேர் ஒபினியன்ஸ்’ எனலாம்.

தமிழில் இந்த வேலையை வினை தனியாகச் செய்யாது, பெயரையே மாற்றிவிடுவோம். ‘குடும்பமே வந்திருந்தது’, ‘குடும்பத்தார் வந்திருந்தார்கள்’. ஊர் சிரிக்கும், ஊரார் சிரிப்பார்கள். ஆங்கிலத்துக்கு இந்த ‘ஆர்’ விகுதி கிடையாது, பாவம், எல்லாச் சுமையும் வினையின் தலையில்.

எப்போதும் இரண்டும் சரியென்று நினைத்துவிடாதீர்கள். ‘தி ஃபேமிலி இஸ் லார்ஜ்’ என்றால் பெரிய குடும்பம். ‘தி ஃபேமிலி ஆர் லார்ஜ்’ என்று எழுதினால் வீட்டில் எல்லோரும் பருமன் என்று அர்த்தமாகிவிடும்!

பதில் 3

மென்பொருள் ஏன் கோடு போடுகிறது என்பதற்கு மட்டும் வருகிறேன். அதில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் கூட்டப்பெயருக்கு ஒருமைதான் வழக்கம், ‘தி ஸ்டாஃப் இஸ்’ என்றே எழுதுவார்கள். பிரிட்டனில் ‘தி ஸ்டாஃப் ஆர்’ சர்வ சாதாரணம். உங்கள் மேலாளர் பிரிட்டிஷ் வழக்கில் பழகியவர், மென்பொருள் அமெரிக்க வழக்கில். நடுவில் மாட்டியது நீங்கள்.

கிரிக்கெட் வர்ணனையில் ‘இங்கிலாந்து ஆர் பேட்டிங்’ என்று கேட்டிருப்பீர்கள். அங்கே இங்கிலாந்து என்பது பதினொரு பேர். நாட்டைப் பற்றிச் சொல்லும்போது அதே வாய் ‘இங்கிலாந்து இஸ்’ என்னும். அமெரிக்கர்களுக்கோ அணியின் பெயரிலேயே பன்மை இருக்க வேண்டும். நியூயார்க்கின் பேஸ்பால் அணி யாங்கீஸ். ஊர்ப் பெயரில் சொன்னால் ‘நியூயார்க் இஸ் லீடிங்’, ஆனால் ‘தி யாங்கீஸ் ஆர் லீடிங்’. ஆடுவது ஒரே அணி.

இதில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் பெயரே ஒரு காலத்தில் பன்மை. 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில், தேசத்துரோகம் பற்றிய பிரிவு யுனைடெட் ஸ்டேட்ஸைத் ‘தெம்’ என்றுதான் சுட்டுகிறது. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் ‘தேர்’ என்றே இருக்கிறது. இப்போது ‘தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்’ என்று எழுதிப் பாருங்கள், அங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாகத்தான் இருந்தது. பிரிட்டிஷுக்கு மாற்றினேன், ஸ்டாஃப் கோடு போய்விட்டது. ஆனால் அடுத்த பத்தியில் புதிதாக இரண்டு சந்தேகம்:

‘எ நம்பர் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேஸ் கம்.’
‘தீஸ் டீம் ஆர் டூயிங் வெல்.’

டீமுக்குப் பன்மை போடலாம் என்றீர்களே என்று ‘தீஸ்’ போட்டேன்.

பதில் 2

‘தீஸ் டீம்’ கூடாது. பன்மை வினையில் மட்டும்தான், பெயர் இன்னும் ஒருமைதான். ‘திஸ் டீம் ஆர்’ என்பது பிரிட்டிஷ் வழக்கில் செல்லும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கக் கண்ணை உறுத்தும். அறிக்கையில் ‘திஸ் டீம் இஸ்’ என்றே எழுதிவிடுங்கள். ‘ஸ்டாஃப்’ விஷயத்திலும் கவனம். ஒரே ஒரு ஊழியரைச் சொல்ல ‘ஒன் ஸ்டாஃப்’ என்று எழுதக் கூடாது, ‘எ ஸ்டாஃப் மெம்பர்’ என்றுதான் எழுத வேண்டும்.

‘எ நம்பர் ஆஃப்’ என்றால் ‘பல’ என்று பொருள். பல புகார்கள் வந்திருக்கின்றன, ஆகவே ‘ஹேவ்’. ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் ‘எண்ணிக்கை’. எண்ணிக்கை கூடியிருக்கிறது, ஆகவே ‘ஹேஸ் இன்க்ரீஸ்ட்’. முன்னால் இருக்கும் அந்தக் குட்டிச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

பதில் 1

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன், பதில் 2 கோபித்துக்கொள்ள வேண்டாம். வினையைக் கடந்த காலத்துக்கோ ‘வில்’லுக்கோ மாற்றிவிட்டால் ஒருமை பன்மை தெரியாது. ‘தி கமிட்டி சப்மிட்டட்’, ‘தி கமிட்டி வில் சப்மிட்’. ‘வாஸ்’, ‘வேர்’ மட்டும் காட்டிக்கொடுக்கும். அதுவும் முடியாவிட்டால் ‘தி மெம்பர்ஸ் ஆஃப் தி கமிட்டி’ என்று தொடங்கிப் பன்மை போடுங்கள். எந்த நாட்டுக்காரரும் குறை சொல்ல முடியாது.

பதில் 2

கோபமெல்லாம் இல்லை, நானும் அதைச் செய்வதுண்டு. ஆனால் கடந்த காலத்துக்கு மாற்றினாலும் பின்னால் வரும் ‘இட்ஸ்’, ‘தேர்’ மாறாது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

கேட்டவர்

திருத்திய பத்தியை அனுப்பினேன். ‘தி கமிட்டி சப்மிட்டட் இட்ஸ் ரிப்போர்ட்’, ‘தி ஸ்டாஃப் ஆர்’, ‘தி போலீஸ் ஹேவ்’, ‘எ நம்பர் ஆஃப் கம்ப்ளெய்ன்ட்ஸ் ஹேவ்’ எல்லாம் தப்பித்துவிட்டன. மேலாளர் அடித்தது ஒன்றைத்தான்: ‘எக்விப்மென்ட்ஸ்’. அதற்கு எஸ் கிடையாதாம்.