ஸ்குவாட், டெட்லிஃப்ட் இரண்டுக்கும் ஒரே ஷூ போதுமா?

புதுத்தூக்கி:
ஓடுவதற்கு வாங்கிய ஷூவோடுதான் ஜிம்முக்கும் போகிறேன். எடை கம்மியாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இப்போது ஸ்குவாட்டில், அதாவது எடைக் கம்பியை (பார்) முதுகில் வைத்து உட்கார்ந்து எழும்போது, எடை கூடக் கூட பாதம் உள்பக்கம் சாய்கிறது, கீழே இறங்கினால் குதிகாலும் எழும்பிவிடுகிறது. ஒருவர் லிஃப்டிங் ஷூ வாங்கு என்கிறார், இன்னொருவர் வெறுங்கால்தான் பெஸ்ட் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய பார்பெல்:
முதலில் அந்த ஓட்ட ஷூவைக் கழற்றுங்கள். அதன் அடியில் இருக்கும் ஃபோம், ஓடும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அமுங்க வேண்டும் என்றே செய்தது. முதுகில் பார் இருக்கும்போதும் அது அமுங்கத்தான் செய்யும், அதுவும் ஒரே சீராக அமுங்காது. மெத்தை மேல் நின்று எடை தூக்குகிற கதைதான். லிஃப்டிங் ஷூவில் குதிகால் பகுதி கெட்டியான பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது, முன்பாதத்தைவிட சுமார் 2 செ.மீ. உயரமாகவும் இருக்கும். அந்த உயரத்தால் முழங்கால் தாராளமாக முன்னே போகும், உடம்பு நிமிர்ந்தே நிற்கும். ஸ்குவாட்டுக்கு அதை வாங்கிவிடுங்கள்.

கணுக்கால்காரன்:
அவசரப்பட்டு வாங்காதீர்கள் ப்ரோ. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவில் 10 செ.மீ. விட்டு, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிந்தால் கணுக்கால் பரவாயில்லை, தட்டையான கெட்டி அடி உள்ள கேன்வாஸ் ஷூவே போதும். முடியவில்லை என்றால், இல்லை தொடை எலும்பு நீளமான ஆள் என்றால், உயரக் குதிகால் உண்மையிலேயே உதவும். ஆனால் பாதம் உள்ளே சாய்வதற்கு ஷூ மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். கட்டைவிரல், சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் அழுந்துகிறதா என்று கவனியுங்கள். விரல் விரிய இடமில்லாத ஒடுக்கமான ஷூ என்றால் இது நடக்கவே நடக்காது.

பழைய பார்பெல்:
சரி, சோதித்துவிட்டே வாங்கட்டும். தரையில் இருக்கும் பாரை நிமிர்ந்து நிற்கும்வரை இழுக்கிற டெட்லிஃப்டுக்கு மட்டும் அந்த உயரக் குதிகால் வேண்டாம். நீங்கள் உயர்ந்து நிற்கிற அளவுக்கு பாரை அதிக தூரம் இழுக்க வேண்டியிருக்கும், எடையும் முன்பாதத்துக்குத் தள்ளும்.

சுண்ணாம்புக் கை:
டெட்லிஃப்டுக்கு மெல்லிய அடி, வழுக்காமல் இருந்தால் போதும். சுமோ பாணியில், அதாவது காலை அகல விரித்து நின்று இழுப்பவர்களுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ரொம்ப முக்கியம், அதனால் பலர் மல்யுத்த ஷூ போடுகிறார்கள். வெறும் சாக்ஸோடு மட்டும் இழுக்காதீர்கள், வழுக்கும். பவர்லிஃப்டிங் போட்டி எண்ணம் இருந்தால் வெறுங்காலையே பழக்கமாக்க வேண்டாம், ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி மேடையில் ஏதாவது காலணி கட்டாயம். டெட்லிஃப்ட் ஸ்லிப்பர் என்கிற மெல்லிய அடி உள்ள காலணி போடலாம்.

புதுத்தூக்கி:
சுவர்ச் சோதனை செய்தேன். வலது கால் தொடுகிறது, இடது தொடவில்லை! இதற்கு ஷூ வாங்குவதா, கணுக்காலைச் சரிசெய்வதா?

கணுக்கால்காரன்:
கணுக்கால் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். இப்போதைக்கு ஒரு தட்டை ஷூ வாங்கினால் டெட்லிஃப்டுக்கு எப்படியும் ஆகும். சில மாதம் கழித்தும் இடது கால் அப்படியே இருந்தால் லிஃப்டிங் ஷூ பற்றி யோசிக்கலாம். அந்த இடது கணுக்காலில் எப்போதாவது சுளுக்கு வந்திருக்கிறதா?