புதுப்பிப்பு: தாடை மூட்டும் தகர ருசியும்

போன மாசம் கேட்டிருந்தனான், கொட்டாவி விட்டா காதடியில 'டொக்' எண்டு சத்தம், அதோட நாக்கின்ர இடப்பக்கம் முழுக்கத் தகர டப்பாவை நக்கின மாதிரி ஒரு ருசி, ரெண்டுக்கும் தொடர்பிருக்கோ எண்டு. கனபேர் காஸ்ரிக் எண்டு சொன்னனீங்கள், ஒராள் கொரோனா எண்டும் சொன்னவர்.

கடைசியா பல்லு டொக்டரிட்டப் போனன். முதல் கேட்டது என்ன குளிசை போடுறீர் எண்டுதான், ஏனெண்டா மெட்ரோனிடசோல் எண்ட கிருமிக்கொல்லி மாதிரிச் சில மருந்தும் வாயை இப்பிடி ஆக்குமாம். நான் ஒண்டும் போடேல்ல. பிறகு ரெண்டு காதுக்கும் முன்னால விரலை வச்சு வாயைத் திறந்து மூடச் சொன்னார், இடப்பக்க மூட்டு சறுக்கிறது எனக்கே விளங்கினது. நாக்கின்ர முன்பக்கம் மூண்டில ரெண்டு பங்கு ருசியைக் கொண்டு போற நரம்பு, கோர்டா டிம்பனி எண்டு பேர், அது நடுக்காதுக்குள்ளால வந்து அந்த மூட்டுக்குப் பின்னால இருக்கிற ஒரு சின்ன எலும்பு இடுக்காலதான் வெளிய வருதாம். மூட்டுக் குழப்பத்தால அதில அழுத்தம் வந்தா ருசி மாறலாம், ஆனா அதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லேலாது எண்டும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

நித்திரையில பல்லைக் கடிக்கிறனாம், பல்லை அச்செடுத்து இரவில பல்லில போட ஒரு கவசம் தந்தவை. இழுத்துக் கடிக்கிற பனம்பழப் பினாட்டுக்குத் தடை, அம்மா பாவம் புட்டையும் குழைச்சுத்தான் தாறா.

மூண்டு கிழமையாச்சு. சத்தம் இன்னும் நிக்கேல்ல. ஆனா நேற்று கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு துண்டு வாயில வச்சன், இடப்பக்கமும் இனிச்சது, தகரம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.