மறு: என்ஹான்சர் ஹைஜாக்கிங் – 'முடுக்கி அபகரிப்பு' என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஹைஜாக்கிங் என்றால் கடத்தல்தானே? 'முடுக்கிக் கடத்தல்' என்றே வைத்துக்கொள்ளலாமே.

என்ஹான்சர் என்பது ஒரு மரபணுவைத் தூண்டி வேலை செய்யவைக்கும் டிஎன்ஏ துண்டு. அது தனக்கு உரியதல்லாத வேறொரு மரபணுவைத் தூண்டிவிடுவதுதான் என்ஹான்சர் ஹைஜாக்கிங், சில புற்றுநோய்களில் இதைப் பார்க்கிறோம். என்ஹான்சருக்கு 'முடுக்கி' சரி, அதில் மறுப்பில்லை. கடத்தல்தான் இடிக்கிறது. வெப்பக் கடத்தல், மின்கடத்தல் என்று பாடநூல்களில் அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கடத்தல் என்றாலே ஒன்றை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது. இந்த நோய்கள் எல்லாவற்றிலும் முடுக்கி அப்படி இடம் மாறுவதில்லை.

பர்கிட் லிம்போமா என்ற புற்றுநோயைப் பாருங்கள், அது பி செல்களில் வருவது. எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளை அணுக்களான பி செல்கள் அதைச் செம்மைப்படுத்துவதற்காகத் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே வெட்டித் திருத்துகின்றன, ஏஐடி என்ற நொதி அதைத் தொடங்கிவைக்கிறது. அந்த வெட்டு வேண்டாத இடத்தில் விழுந்து, முனைகளும் மாறி ஒட்டிக்கொண்டால், 8ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய, செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு 14ஆம் குரோமோசோமில் எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி மரபணுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பி செல்லில் ஓயாமல் வேலை செய்யும் முடுக்கி அங்கே இருக்கிறது, அப்புறம் மிக் அடங்குமா? நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரிடம் இதுதான். நகர்ந்தது மரபணு, முடுக்கி அல்ல. மீதிப் பேரில் பெரும்பாலோரிடம் 2 அல்லது 22ஆம் குரோமோசோமின் இலகு சங்கிலிப் பகுதி மிக்கைத் தேடி வருகிறது.

இரண்டுமே நகராததும் உண்டு. குரோமோசோமின் டிஎன்ஏ மடிப்பு மடிப்பாக இருக்கிறது. ஒரு மடிப்பின் முடுக்கி அடுத்த மடிப்பின் மரபணுவைத் தொடாதபடி, இடையே சிடிசிஎஃப் என்ற புரதம் ஒட்டிக்கொண்டு எல்லையாக நிற்கும். டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களில் வரும் சில இரத்தப் புற்றுநோய்களில் (டி செல் லுகேமியா) அந்த எல்லைத் துண்டு மட்டும் அழிந்துபோய், பக்கத்து மடிப்பின் முடுக்கி டால்1 மரபணுவை எழுப்பிவிடுகிறது.

மூன்றிலும் பொதுவானது, ஒரு மரபணுவுக்கு உரிய முடுக்கி இன்னொன்றின் கைக்குப் போனது. நில அபகரிப்பில் நிலம் நகர்வதில்லை, கைதானே மாறுகிறது? அதனால்தான் 'முடுக்கி அபகரிப்பு' என்கிறேன். வடசொல் என்று சிலர் தயங்கலாம், ஆனால் நாளிதழ் படிக்கும் எவருக்கும் இது விளக்கமில்லாமல் புரியும், 'அபகரித்த மரபணு', 'அபகரிக்கப்பட்ட முடுக்கி' என்று வினையாகவும் வளைந்துகொடுக்கும். 'கவர்வு' என்று வைத்தால் கவர்ச்சியோடு குழம்பும். 'முடுக்கிப் பறிப்பு' வேண்டுமானால் எனக்குச் சம்மதம், கடத்தல் மட்டும் வேண்டாம்.

அந்த மடிப்புகளுக்கும் பெயர் வேண்டும். 'மடிப்புக் களம்' என்று தொடங்கிவைக்கிறேன், அதைத் தனி இழையில் பேசுவோம்.