முழுவதும் பெண்களே நடிக்கும் நாடகத்துக்கு மேடை தேவை

வணக்கம். கும்பகோணத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் நாடகக் குழுவுக்கு எட்டு மாதங்களாக மேடை கிடைக்கவில்லை. நாடகம் நல்லதங்காள் கதை. 90 நிமிடம் ஓடும். அண்ணன் நல்லதம்பி உட்பட ஆண் வேடங்களையும் நாங்களே ஏற்கிறோம். ஏழு குழந்தைகளுக்கும் பழைய சேலையில் தைத்த துணிப்பொம்மைகள்தான். எட்டு விளக்குகளும் இரண்டு மைக்கும் இருந்தால் போதும்.

ஐந்து சபாக்களுக்கு ஒளிப்பதிவுடன் கடிதம் அனுப்பினோம், இரண்டு திருவிழாக் குழுக்களை நேரில் பார்த்தோம், தொகையைப் பாதியாகக் குறைத்தோம். ஒரு சபாவின் செயலாளர் கிணற்றடிக் காட்சி வரை பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நல்லதம்பிக்கு மட்டும் ஓர் ஆணைப் போடுங்கள், தேதி தருகிறேன்" என்றார். இன்னொருவர், நாடகத்தை அரை மணி நேரமாகச் சுருக்கி மார்ச் 8 மகளிர் தினத்துக்கு வரச் சொன்னார்.

தஞ்சாவூர் அருகே மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் ஏற்பதை ஊரே பக்தியோடு பார்க்கிறது. நூறாண்டுக்கு முன்பே பெண்களை மட்டும் கொண்டு நாடகக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளின் ஊரில் எங்களுக்கு இந்தப் பதில் கிடைப்பதுதான் மிகவும் வலிக்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி வட்டாரத்தில், ஆண் நடிகரைச் சேர்க்கச் சொல்லாமலும் மகளிர் தினத்துக்கென ஒதுக்காமலும் முழு நாடகத்துக்கு ஒரு மாலையைத் தரக்கூடிய அரங்கோ அமைப்போ எது?