தையல் மிஷின் பக்கத்துல வைக்கத் தனியா ஒரு பாட்டு பிளேயர்: வாங்கலாமா, காசு தண்டமா?

கேட்டவர்: காஜாபட்டன்

எல்லாருக்கும் வணக்கம். நான் தையக்காரன். தொழில் பழகுனது மதுரை மீனாட்சி கோயில் பக்கத்துப் புதுமண்டபத்துல, இப்ப மத்தவங்களோட சேந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தாச்சு. காலையில 10 மணிக்கு மிஷின்ல உக்காந்தா எந்திரிக்க ராத்திரி 9 ஆகிரும். சித்திரைத் திருவிழா நெருங்குனா கள்ளழகர் வேஷத் துணி, ஜூன்ல பள்ளிக்கூட யூனிபார்ம், தீபாவளிக்கு ரவிக்கை. பாட்டு ஓடலைன்னா எனக்குத் தையல் நேரா விழாது, அப்படி ஒரு பழக்கம்.

இப்ப போன்லதான் கேக்குறேன், அதுதான் தொல்லை. ஒரு பாட்டு முடியிறதுக்குள்ள மூணு பேரு கூப்பிடுறாங்க, "அண்ணே, ரவிக்கை ஆச்சா?"ன்னு. பேசிட்டு வச்சா பாட்டு தானா வர்றதில்ல, வந்தா முதல்ல விளம்பரம் கத்துது. சரி, நாமளே போடுவோம்னு போனைத் தொட்டா வாட்ஸ்அப்ல யாரோ கழுத்து டிசைன் அனுப்பிருப்பாங்க. அதைப் பாத்து, அடுத்ததைப் பாத்து, நிமிந்தா முக்கா மணி நேரம் போயிருக்கும். கழுத்துப்பட்டி வெட்டுனது வெட்டுனபடி கிடக்கும். சாயங்காலம் சார்ஜும் போயிரும். எங்கிட்ட இருக்கிறது ஒரே பிளக்கு, அதுல அயன் பாக்ஸ் மாட்டியிருக்கும்.

புதுமண்டபத்துல இருந்தப்ப எங்க முதலாளி ஒரு டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேந்த பெட்டி) வச்சிருந்தாரு. டேப் சிக்குனா நான்தான் டாக்டர். துணி வெட்டுற கத்தரியாலயே கசங்குன இடத்தை வெட்டி, செல்லோடேப் ஒட்டிருவேன் (துணிக் கத்தரியில வேற எதை வெட்டுனாலும் திட்டுற மனுசன், அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு). நம்ம ஊர்க்காரர் டி.எம்.எஸ். பாட்டு ஒண்ணுல சரணத்துல ரெண்டு வார்த்தை அப்படி என் கையால போயிருச்சு. இன்னைக்குப் போன்ல அந்தப் பாட்டு முழுசா வந்தாலும், அந்த இடத்துல என் காலு ஒரு தட்டு தாண்டித்தான் மிதிக்குது.

2,000 ரூபாய்க்குள்ள ஒண்ணு வாங்கலாமான்னு பாக்குறேன். 400 பாட்டு பென் டிரைவ்ல இருக்கு. லிங்க் அனுப்பாதீங்க. கையில வச்சிருந்தவங்க நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க.

---

பதில்: மாட்டுத்தாவணி மாப்ள

அண்ணே, ஆப்பிளோட பாட்டு பிளேயர் ஐபாடையே 2022-ல நிறுத்திப்புட்டாய்ங்க, நீங்க இப்பத்தான் பிளேயர் வாங்கக் கிளம்புறீங்க! வீட்ல பழைய போன் ஒண்ணு கிடக்கும்ல? சிம்மைக் கழட்டுங்க, ஏரோபிளேன் மோடு போடுங்க, பாட்டைத் தவிர அம்புட்டு ஆப்பையும் தூக்கிருங்க. முடிஞ்சது சோலி. 2,000 ரூபாய்க்கு அண்ணிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்க.

---

பதில்: கணவாய் பயணி

தம்பி சொல்வது சரியான யோசனைதான். ஆனால் பழைய போன் என்று ஒன்று நல்ல நிலையில் இருந்தால்தானே. பேட்டரி செத்ததால்தானே அது பழைய போன் ஆனது.

எனக்குத் தேனியில் வேலை, வீடு மதுரையில். ரயில் 2022-ல் திரும்ப வந்தும் எனக்கு நேரம் ஒத்துவரவில்லை. அதனால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிற ஆள்தான். ஆண்டிபட்டி கணவாயில் போன் பாட்டு திக்கித் திக்கி நின்றுபோகும். அந்த எரிச்சலில்தான் பிளேயர் வாங்கினேன், நாலு வருடம் ஆகிறது. எனக்குப் பிடித்தது அதன் பட்டன்கள். சட்டைப்பைக்குள் இருக்கும்போதே கட்டைவிரலால் தடவி அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம், பார்க்கவே வேண்டாம். கையில் ஊசியும் துணியுமாக இருக்கிற உங்களுக்கு அது பெரிய வசதி. சார்ஜ் எனக்கு ரெண்டு மூணு நாள் தாங்குகிறது.

கெட்டது என்றால், முதலில் பாட்டுச் சேர்க்கிற வேலை. போனில் பேரைத் தட்டினால் வந்துவிடும். இதில் ஒவ்வொரு பாட்டையும் நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் எல்லாம் மனப்பாடமாகி, புதுசு ஏற்றச் சோம்பல்பட்டு, அதே பாட்டையே சுற்றிக்கொண்டிருப்போம். அடுத்தது, அணைத்துப் போட்டால் என்னுடையதில் மறுபடி முதல் பாட்டிலிருந்தே ஆரம்பிக்கும். விட்ட இடம் அதற்கு ஞாபகம் இருக்காது. வாங்கும்போது அதைச் சோதித்துப் பாருங்கள். எஃப்.எம். இருக்கிறது என்பார்கள். ஆனால் பெரும்பாலும் இயர்போன் ஒயர்தான் அதற்கு ஏரியல். ஒயரைப் பிடுங்கினால் வெறும் இரைச்சல்தான்.

தேடுகிற வேலையே வேண்டாம் என்றால் சரிகமா கம்பெனியின் கார்வான் என்ற பாட்டுப் பெட்டி இருக்கிறது. 5,000 பாட்டு உள்ளேயே ஏற்றி 2017-ல் வந்தது, தமிழிலும் உண்டு. ஆனால் உங்கள் 2,000-க்குள் பெரிய மாடல் அடங்காது.

---

பதில்: சால்டரிங் கை

மீனாட்சி பஜார் பக்கம் போன் சர்வீஸ் பண்றேன். அண்ணே, பிளேயரை விட மெமரி கார்டுலதான் ஏமாறுவீங்க. மேல 64 ஜி.பி.ன்னு அச்சடிச்சிருக்கும், உள்ள 8 ஜி.பி.தான் இருக்கும். காப்பி பண்ணும்போது எல்லாம் ஏறுன மாதிரியே காட்டும். அப்புறம் பாத்தா பாதிப் பாட்டு ஓடாது. நானே ஒரு தடவை மலிவா கிடைக்குதேன்னு பத்து கார்டு வாங்கி, பத்தும் இந்தக் கதைதான். கடைக்காரன் கையை விரிச்சுட்டான். வாங்குன அன்னைக்கே கார்டை முழுசா ரொப்பி, கடைசியா ஏத்துன பாட்டை ஓட்டிப் பாருங்க.

உங்களுக்கு 32 ஜி.பி.க்கு மேல தேவையே இல்ல. 5 நிமிசப் பாட்டு 320 கே.பி.பி.எஸ். தரத்துல (நம்பர் கூடுனா ஒலி துல்லியம், இடமும் கூடப் பிடிக்கும்) 12 எம்.பி., 128-ல 5 எம்.பி. கிட்ட வரும். 320-ல வச்சாலே 2,500 பாட்டுக்கு மேல அடங்கும். 32 ஜி.பி.க்கு மேல உள்ள கார்டு எக்ஸ்-ஃபேட்ங்கிற வேற ஃபார்மட்டுல வரும், மலிவு பிளேயர் நிறைய அதைப் படிக்காது. அப்புறம் ஆறு மாசம் டிராயர்ல தூங்க விட்டுறாதீங்க, பேட்டரி அடியோட இறங்கி ஏறாமப் போயிரும். வீங்குன மாதிரி தெரிஞ்சா அமுக்கிப் பாக்காம கொண்டாங்க.

---

பதில்: கப்பலூர் லேத்து

காதுல மாட்டித்தான் கேக்கப் போறீங்களா, ஸ்பீக்கர்லயா? அதை யாரும் கேக்கலையே. நான் கப்பலூர்ல லேத்து ஓட்டுனவன். மிஷின் சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னு சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வச்சு, இப்ப இடது காதுல எந்நேரமும் ஒரு வண்டு கத்துது. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் வரம்பு வச்சிருக்கு. நீங்க சொல்ற கணக்குக்கு ஒரு நாளைக்கு 11 மணி, ஆறு நாளுக்கு 66. ஸ்பீக்கர் உள்ளதா வாங்கி, மெதுவா வைங்க. காதுலதான்னா ரப்பர் மூடி வச்சது வாங்குங்க, வெளிச் சத்தம் குறையும், நாமளும் கூட்ட மாட்டோம்.

---

காஜாபட்டன் (மூணு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி. மாப்ள சொன்னாப்ல பழைய போனை எடுத்துப் பாத்தேன், முதுகு உப்பி மூடி தொறந்து கிடக்கு. அதை சால்டரிங் தம்பிக்கிட்ட கொடுத்தாச்சு. 1,750 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வச்ச பிளேயர் ஒண்ணு வாங்கிட்டேன், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. ஸ்பீக்கர் சத்தம் தகர டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரிதான். அதனால ரப்பர் இயர்போனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிறேன்.

முதல் நாளே ஒரு கூத்து. பாட்டுப் பேரெல்லாம் தமிழ்ல இருந்துச்சு. பிளேயர்ல பாத்தா வரிசையா கட்டம் கட்டமா நிக்குது, ஒரு எழுத்து இல்ல. தமிழ் தெரியாத பெட்டி. எம் மக உக்காந்து 400 பாட்டுக்கும் இங்கிலீஷ் எழுத்துல பேரு மாத்துனா, ரெண்டு சாயங்காலம் ஆச்சு, கூலி நாலு ஜிகர்தண்டா. அதுக்கப்புறமும் அகர வரிசையில வரல, காப்பி பண்ணுன வரிசையிலதான் ஓடுது. 001, 002ன்னு நம்பர் போட்டு, கார்டை அழிச்சு, அதே வரிசையில திரும்ப ஏத்துனா. 400 பாட்டும் ஓடி முடிய மூணு நாள் வேலை நேரம் சரியா இருக்கு. நாலாவது நாள் 001.

வேலை நல்லா ஓடுது, பொய் சொல்லல. முன்னாடி நாலு ரவிக்கை முடிச்ச நேரத்துல இப்ப அஞ்சு. முந்தாநாள்தான் இடிச்சிருச்சு. போனை டிராயர்ல போட்டுப்புட்டு நான் பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு அக்கா ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க, கை நீளம் முழங்கை வரைக்கும் வேணும்னு. மதியம் பாக்குறேன், அதுக்குள்ள குட்டைக் கை வெட்டி ஹெம்மிங்கும் போட்டாச்சு. மிச்சத் துணியில ஒட்டுப் போட்டுப் பாத்தேன், பூ வேலை சேரல. அவங்க சேலையோட வந்த துணி, அதே மாதிரி வெளிய தேடியும் கிடைக்கல.

இப்ப போனு மிஷின் மேல, சத்தம் முழுசா. அந்த அக்காவுக்கு விசயத்தைச் சொல்லிட்டேன். வந்து பாக்குறேன்னாங்க, இன்னும் வரல.