ஈஸி எஃபெக்ட்ஸ் ஓடும்போது வால்யூமைக் குறைத்தால் தானாக மறுபடி ஏறுகிறது

கேள்வி:
ஃபெடோரா லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப், ஒலியைக் கையாள பைப்வயர். லேப்டாப் ஸ்பீக்கர் ஒலி தகரம் மாதிரி இருந்ததால் ஈஸி எஃபெக்ட்ஸ் என்ற ஒலியை மெருகேற்றும் மென்பொருளைப் போட்டு ஈக்வலைசர், கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அடக்குவது), ஆட்டோகெயின் (சத்தத்தை ஒரே அளவில் வைப்பது) மூன்றையும் சேர்த்தேன். ஒலி அருமையாகிவிட்டது, ஆனால் கீபோர்டில் வால்யூமை இறக்கினால் சத்தம் சற்று நேரம் குறைந்துவிட்டு மெல்ல பழைய நிலைக்கே ஏறிவிடுகிறது, திரையில் மட்டும் 20 சதவீதம் என்றே காட்டுகிறது. ஈஸி எஃபெக்ட்ஸை மூடினால் எல்லாம் சரி. குழந்தை தூங்கும் நேரத்தில் எதையும் கேட்க முடியவில்லை, உதவுங்கள்.

பதில்:
செட்டிங்ஸில் சவுண்ட் பக்கம் போய் அவுட்புட் எது என்று பாருங்கள் நண்பரே. 'ஈஸி எஃபெக்ட்ஸ் சிங்க்' என்று இருந்தால் காரணம் அதுதான். அது நிஜ சவுண்ட் கார்டு இல்லை, மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் சாதனம். அதை டீஃபால்ட்டாக வைத்தால் எஃபெக்ட்ஸுக்குள் நுழையும் முன்பே சத்தம் குறைகிறது, உள்ளே ஆட்டோகெயினின் வேலையே வருகிற ஒலியை அளந்து ஒரே இலக்குக்குக் கொண்டுவருவதுதான், ஆக நீங்கள் இறக்கியதை அது ஏற்றிவிடுகிறது. அவுட்புட்டை நிஜ ஸ்பீக்கருக்கே மாற்றுங்கள். ஈஸி எஃபெக்ட்ஸ் விருப்பங்களில் எல்லா அவுட்புட் ஸ்ட்ரீம்களையும் எடுத்துக்கொள்ளும் தேர்வு ஆனில் இருந்தால் போதும், பிரவுசர், பிளேயர் எல்லாவற்றையும் அதுவே தன் சிங்க்குக்கு இழுத்துக்கொள்ளும்.

பதில்:
மேலே சொன்னது சரி. அவுட்புட்டை மாற்றிய பிறகு பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற வால்யூம் கட்டுப்பாட்டு செயலியைத் திறந்து அந்த மெய்நிகர் சிங்க்கின் வால்யூமை 100க்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது 20லேயே நின்றால் கம்ப்ரஸருக்குப் போகும் ஒலி, அது வேலையைத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டைத் தொடவே தொடாது, எஃபெக்ட் போட்டும் போடாத மாதிரி இருக்கும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
இரண்டையும் செய்தேன், கீபோர்டு வால்யூம் இப்போது ஒழுங்காக நிற்கிறது, மிக்க நன்றி. ஆனால் யூடியூபுக்குள் இருக்கும் ஸ்லைடரை இறக்கினால் இன்னும் மெல்ல ஏறுகிறதே?

பதில்:
அது அப்படித்தான் இருக்கும். அப்ளிகேஷனின் சொந்த வால்யூம் எப்போதும் எஃபெக்ட்ஸுக்கு முன்னால்தான் வரும், அவுட்புட்டை எப்படி மாற்றினாலும் இது மாறாது. யூடியூபை முழுதாக வைத்துவிட்டு கீபோர்டில் மட்டும் குறையுங்கள். என்னைக் கேட்டால் ஆட்டோகெயினையே எடுத்துவிடுவேன், படத்தில் மெதுவாகப் பேசும் காட்சியைக்கூடத் தூக்கிக் கொடுக்கும், இரவில் கேட்பவருக்கு அது ஆகாது. ஈக்வலைசரில் பேஸ் ஏற்றியிருந்தால் கடைசியில் ஒலி உச்ச அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் போடுங்கள், ஒலி பிசிறடிக்காது.